நலம் என்று மட்டும் எழுது

சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
11-1-1959

அன்பு மகள் ஞானமேரிக்கு, உன் அப்பா அமிர்தசாமி தன் கையாலேயே எழுதுவது.

மேலே உள்ள வரியைத் திரும்ப ஒரு முறை வாசி. தன் கையாலேயே! எப்போதும் போலக் கோயில் உபதேசியார் அற்புதராஜ் எழுதித் தரவில்லை. அறுபத்தேழு வயதில் நானே எழுதுகிறேன். வியாழக்கிழமை ஆரம்பித்தேன், இன்று ஞாயிறு. உன் பெயரில் உள்ள 'ஞா'வைப் போட்டு முடிப்பதற்குள் கை வேர்த்துவிட்டது. இவ்வளவு சிரமமான பெயரை ஏன் வைத்தேன் என்று வருத்தப்பட்டேன்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, நாலு மணிக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் சிஸ்டரம்மா எங்களுக்கு வகுப்பு நடத்துகிறார். பதினோரு பேர் சேர்ந்தோம். இப்போது மிச்சம் நானும், தயிர் விற்கிற அன்னாளும்தான். நான் பலப்பத்தை அழுத்திப் பிடிப்பதைப் பார்த்து அவள், "ஏனுங்கண்ணா, கெணறு வெட்டறாப்பல இந்த அமுத்து அமுத்தறீங்களே, சிலேட்டுல தண்ணி வந்துருமா?" என்கிறாள். அவள் இன்னும் 'ண'வைத் தாண்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இனிமேல் என் கடிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ரேகை இருக்காது. கிணறு வெட்டும் வேலையில் சம்மட்டி விழுந்து பிளந்து ஆறிய கட்டைவிரல் அல்லவா, நடுவில் ஒரு கோடு ஓடும். "ரெண்டு பேரு வெச்சாப்பல இருக்குதுங்களே" என்று தபால்காரர் சிரிப்பார். அந்தக் கேலி முடிந்தது.

உன் கடிதங்களை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். உபதேசியார் வாசித்துக் காட்டக் காட்ட நான்தான் குத்துவேன். புதியது மேலே, பழையது அடியில். வாரம் ஒன்றாக மேலிருந்து எடுத்து நானே வாசிக்கப் போகிறேன். சிஸ்டரம்மா தந்த பாடப் புத்தகம் தீர்ந்துவிட்டது.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு பண்டிகைக்கு நீ வரவேண்டும். நீ ஊர்ப்பக்கம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்தால் உன் எதிரிலேயே உட்கார்ந்து எழுதிக் காட்டுவேன்.

இந்தக் கடிதத்தைக் கிணற்றுப் பாறைக்கு வைக்கும் வெடிமருந்துப் பொட்டலம் போல மடித்திருக்கிறேன். கிழித்துவிடாதே. உள்ளே செருகிய மூலையைப் பிடித்து இழு, திறந்துகொள்ளும். எனக்குத் தெரிந்த மடிப்பு அது ஒன்றுதான்.

உன் உடம்பையும் மாப்பிள்ளை சவரிநாதன் உடம்பையும் விசாரிக்கும் அப்பா,
அமிர்தசாமி
(இது கையெழுத்து)


ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்,
2-2-1959

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு மகள் ஞானமேரி வணக்கத்துடன் எழுதுவது.

நலம். தங்கள் நலத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பனி அதிகம். வேறு விசேஷம் இல்லை.

தங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். மூலையைப் பிடித்து இழுத்துத்தான் பிரித்தேன், கிழியவில்லை.

பழைய கடிதங்களை வாசிக்க வேண்டாம். கண்ணுக்குச் சிரமம். பாஸ்குவுக்கு வர இயலாது.

தங்கள் மகள்,
ஞானமேரி


சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
22-2-1959

அன்பு மகள் ஞானமேரிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கடவுள் கிருபையால் பல் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை அன்னாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள். என் மகள் வளவளவென்று எழுத மாட்டாள் என்றேன்.

போன வாரம் நாமக்கல் போனேன். ஒரு பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டினேன். "தி... ரு... ச்... செ..." என்று வரும்போதே பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, மிச்சத்த நாளைக்கு வந்து படிச்சுக்குங்க!" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கம்பியில் வாரம் ஒன்று என்று சொன்னேன் அல்லவா? மனம் கேட்காமல் தினம் ஒன்று வாசிக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய். நலம், மாதா, மழை அல்லது பனி, விசேஷம் இல்லை. புதிதாகப் படிக்கிறவனுக்கு அது எவ்வளவு சௌகரியம்! ஒன்றை வாசித்தால் மற்றது தானே வந்துவிடுகிறது. உபதேசியார் வாசித்தபோதும் இதையேதான் கேட்டேன். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து என் மகள் ஒரு குறையும் எழுதியதில்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்வேன். இப்போது என் கண்ணாலேயே பார்த்தாயிற்று.

இன்று 1951-க்கு வந்துவிட்டேன். அந்த வருடம் மாப்பிள்ளைக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டை விட்டு ஆண்டர்சன்பேட்டைக்கு மாறியதாக எழுதியிருக்கிறாய். ஏன் என்று இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, கண்ணு? அவர் எப்படி இருக்கிறார்?

இன்னும் அடியில் கொஞ்சம்தான் பாக்கி. பாஸ்குவுக்கு வா.

உன் பதிலுக்கு வாசலைப் பார்க்கும்,
அமிர்தசாமி


ஆண்டர்சன்பேட்டை,
26-2-1959

அப்பாவுக்கு ஞானமேரி எழுதுவது. கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன்.

மற்றக் கடிதங்களை வாசிக்காதீர்கள். பழைய தாள், பூச்சி அரித்திருக்கும். கம்பியோடு எடுத்து அடுப்பில் போட்டுவிடுங்கள். வாசிக்க வேறு வேண்டுமானால் வாரம் ஒரு கடிதம் புதிதாக, நீளமாக எழுதி அனுப்புகிறேன். இங்கே உள்ள கோயில், தேர், கடைத்தெரு எல்லாம் எழுதுகிறேன்.

பாஸ்குவுக்கு வரவும் பார்க்கிறேன். நான் வரும்வரையாவது கம்பியைத் தொட வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

பல் வலிக்குக் கிராம்பு வையுங்கள்.

ஞானமேரி


சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
5-4-1959

மகள் ஞானமேரிக்கு.

பாஸ்குவுக்கு முந்தின இரண்டு நாளும் சேலத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றேன். நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

நீ வருவாய் என்ற சந்தோஷத்தில், எல்லாவற்றையும் வாசித்து முடித்து உனக்குச் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். பெரிய வெள்ளியன்று கம்பியின் அடிக்கு வந்தேன். கடைசிக்கு முந்தின கடிதம். அது மற்றவை போல இல்லை. சின்னதாக மடித்து, மூலையை உள்ளே செருகி இருந்தது. மூலையைப் பிடித்து இழுத்ததும் திறந்துகொண்டது. நாலு வரி இல்லை, இரண்டு பக்கம். வாசிக்க அரை நாள் ஆயிற்று. சரியாக வாசித்தேனா என்று பார்க்க இங்கே எழுதுகிறேன்.

"14-7-1947. அப்பா, என்னால் இங்கே இருக்க முடியாது. சனிக்கிழமை அவர் அடித்ததில் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது, இன்னும் நிற்கவில்லை. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மூலை போதும், வேலை செய்து சாப்பிடுவேன். அடுத்த வியாழக்கிழமை வண்டிக்கு நீங்கள் வருவீர்கள் என்று பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன்."

ஞானமேரி, இதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நலம் என்று வாசித்திருக்கிறார் அந்த உபதேசியார். பன்னிரண்டு வருடம் அவரைக் கண்டால் எழுந்து நின்றிருக்கிறேன். படிக்கத் தெரியாதவன்தானே என்று ஏமாற்றிவிட்டார்.

விடமாட்டேன். பங்குச் சாமியாரிடம் போகிறேன். நீ ஒரு வரி எழுது, போதும்.

அமிர்தசாமி


ஆண்டர்சன்பேட்டை,
11-4-1959

அப்பாவுக்கு ஞானமேரி.

உபதேசியார்மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாமியாரிடம் போக வேண்டாம். அது முடிந்துபோன விஷயம். பல் வலி குறைந்ததா?

ஞானமேரி


சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
3-5-1959

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நல்ல வெயில். எனக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். நீ நல்ல மனசுக்காரி, அதனால் வேண்டாம் என்கிறாய். எனக்கு நியாயம் வேண்டும்.

சாமியார் பங்களாவில் நடந்ததை எழுதுகிறேன். கடிதத்தைச் சாமியார் மேசையில் வைத்தேன். உபதேசியாரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்து, கடிதத்தைப் பார்த்து, அப்படியே நின்றார்.

"இது என்னுங்க?" என்று கேட்டேன்.

"ஞானமேரி கடுதாசிங்க."

"இத எனக்கு வாசிச்சீங்களா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். சாமியார், "கேட்கிறார் அல்லவா, சொல்லும்" என்றார்.

"சரியா வாசிக்காம விட்டிருப்பேனுங்க சாமி. வயசாச்சு, நெனவில்லீங்க" என்றார்.

"நெனவில்லீங்களா? எம்புள்ள காதுல ரத்தம்னு எழுதியிருக்கறா, அது நெனவில்லீங்களா?" என்று கத்தினேன். அவர் கடிதத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். குற்றமுள்ளவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

முப்பது வருடமாக இருந்த உபதேசியார் வேலை போயிற்று. கோயில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. பஸ் ஏறும்போதும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் திரும்பிக்கொண்டேன்.

ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன், கண்ணு. எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், போட்டது போட்டபடி அன்றே வந்திருப்பேன். இனி உனக்கு என்மேல் வருத்தம் இருக்காது. எப்போது வருகிறாய்?

அமிர்தசாமி


ஆண்டர்சன்பேட்டை,
8-6-1959

அப்பாவுக்கு ஞானமேரி எழுதுவது.

"தெரிந்திருந்தால் அன்றே வந்திருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதமாக அந்த வரியை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் இதை அனுப்பியிருக்க மாட்டேன். பஸ் ஏறின உபதேசியாரும் கண்ணை விட்டுப் போகவில்லை.

1947-இல் எனக்கு வந்த பதில் இத்துடன் இருக்கிறது. நகல் இல்லை. அதே தாள்தான். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

கம்பியில் இருந்த என் 1947 கடிதத்தை அப்படி மடித்து வைத்தது யார் என்றும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜனவரியில் வந்த உங்கள் கடிதத்தை நான் எப்படிப் பிரித்தேன்?

மாப்பிள்ளையை விசாரித்தீர்கள். 1951-இல் வேறொருத்தியோடு போய்விட்டார். நான் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். நலம் என்று மட்டும் எழுதச் சொன்னீர்கள். அதனால் எழுதவில்லை.

ஞானமேரி

(உடன் இருந்த தாள்)

சேந்தமங்கலம், 20-7-1947. மகள் ஞானமேரிக்கு அமிர்தசாமி சொல்லி எழுதியது. உன் கடிதம் வாசிக்கக் கேட்டேன். புருஷன் என்றால் கை நீட்டத்தான் செய்வான். கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு வந்து நின்றால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. பண்ணையார் கிணற்றில் பாறை வந்திருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. வாசலில் உட்கார்ந்து மானத்தை வாங்காதே. இனி இப்படியெல்லாம் எழுதாதே. நலம் என்று மட்டும் எழுது.
(இடது கட்டைவிரல் ரேகை)


சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
12-7-1959

மகள் ஞானமேரிக்கு. இவ்விடம் நலம். உன் கவர் கிடைத்தது. கண்ணில் நீர் வடிகிறது, வெயிலால் இருக்கலாம். எழுத்து தெரியவில்லை. மழை இல்லை. வேறு விசேஷம் இல்லை.

அமிர்தசாமி


சேசு மரி சூசை

சேந்தமங்கலம்,
4-10-1959

ஞானமேரிக்கு உன் அப்பா எழுதுவது.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. எழுத்து நன்றாகவே தெரிந்தது.

நீ அனுப்பிய தாளை முதலில் நம்பவில்லை. உபதேசியார் தன் விரலை வைத்து அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய், முத்திரை குத்தும் மைப்பெட்டியில் விரலைத் தொட்டு அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுவில் ஓடும் கோடு இரண்டிலும் ஒன்றாக இருந்தது. கை மையைத் துடைக்காமல் சிலேட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்கண்ணா, யாருக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தீங்க?" என்று அன்னாள் கேட்டாள். தாளை அவளிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். முடிக்க நெடுநேரம் ஆயிற்று. "படிக்காமயே இருந்திருக்கலாமுங்கண்ணா" என்றாள். கொஞ்சம் கழித்து, "இல்லீங்க, இல்லீங்க" என்றாள்.

எப்போது மறந்தேன் என்று இரண்டு மாதமாகத் தேடுகிறேன். ஒரே நாளில் மறக்கவில்லை. முதலில் வியாழக்கிழமையை மறந்தேன். அடுத்த மாதம் நலம் என்று உன் கடிதம் வந்தது. "பாத்தீங்களா, எல்லாஞ் சரியாப் போச்சு" என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. பிறகு காதை மறந்தேன். அப்புறம் ஒவ்வொரு கடிதமும் நலம், நலம் என்று வர வர, அப்படி ஒரு கடிதம் வந்ததையே மறந்தேன். உன்னைக் கேட்டு வந்தவர்களிடம் குறையே எழுதாத மகள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அதுதான் நினைவில் இருந்தது.

ஆனால் முழுக்க மறக்கவும் இல்லை. கம்பியைத் தொடாதீர்கள் என்று நீ எழுதியபோது, அடியில் என்ன இருக்கிறது என்று என் மனசு சொன்னது. மூலையைப் பிடித்து இழுத்தபோதும் சொன்னது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

பண்ணையார் கிணற்றில் பாறை வந்தது என்றேன் அல்லவா? அதுவும் பொய். அந்த மாதம் மழை. எனக்கு வேலையே இல்லை. அந்த வியாழக்கிழமை நான் வீட்டில் படுத்திருந்தேன்.

போன புதன்கிழமை ஆத்தூர் போனேன். உபதேசியார் தங்கச்சி வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க சாமியார்கிட்டச் சொல்லல? எழுதச் சொன்னது நான்தானுங்களே" என்று கேட்டேன்.

முறத்தைக் கீழே வைத்தார். "இப்படியே எழுதட்டுங்களா, புள்ள காதுல ரத்தம்னு எழுதியிருக்குதேன்னு மூணு தடவ கேட்டனுங்க. சொன்னத எழுதுங்கன்னீங்க. எழுதுனனுங்க. பேனாவ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம். போகலீங்களே. எனக்கும் அதுல பங்கு உண்டுங்க" என்றார்.

இன்று பூசை முடிந்ததும் கோயிலில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, நீ அனுப்பிய தாளை நானே வாசித்தேன். எங்கும் தட்டவில்லை. கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். உபதேசியாரைத் திரும்ப அழைப்பதாகச் சாமியார் சொன்னார். அவர் வருவாரா என்று தெரியாது.

இனி உன்னை இங்கே வா என்று கூப்பிடும் யோக்கியதை எனக்கு இல்லை. உன் 14-7-1947 கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

மகளே, உன் கடிதம் வாசித்தேன். 15-ந் தேதி வியாழக்கிழமை வண்டிக்கு வருகிறேன். ஜோலார்பேட்டையிலும் பங்காருப்பேட்டையிலும் பலகையைப் படித்து வண்டி மாறிக்கொள்வேன். கதவைத் திறக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் திறக்காதே. வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுவேன்.

கையெழுத்துக்குக் கீழே ரேகையும் வைத்திருக்கிறேன். இரண்டும் நான்தான்.

அமிர்தசாமி
(இடது கட்டைவிரல் ரேகை)


ஆண்டர்சன்பேட்டை,
9-10-1959

அப்பாவுக்கு ஞானமேரி.

வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அது ஒரு முறை போதும். உள்ளே மெஷினில் இருப்பேன்.

தெருவில் நுழைந்ததும் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. கதவில் என் பெயர் எழுதியிருக்கும். படித்துப் பார்த்து, பலமாகத் தட்டுங்கள். எனக்கு இடது காது கேட்காது.

ஞானமேரி